தம்ப் டிரைவில் யார் எதை நகலெடுக்கிறார்கள்? வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சிறிய கணக்கியல் நிறுவனத்தின் 28 கணினிகளையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் விண்டோஸ் 11 புரோ. அண்மையில் விலகிய ஊழியர் வாடிக்கையாளர் பட்டியலைத் தம்ப் டிரைவில் கொண்டுபோய்விட்டார் என்று முதலாளிக்குச் சந்தேகம். வெறும் சந்தேகம்தான். அப்போது எந்தப் பதிவையும் நாங்கள் வைத்திருக்கவில்லை.

குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் விதிகள் வகுக்கும் விண்டோஸ் வசதி) தம்ப் டிரைவில் எழுதும் அனுமதியை மறுத்தால் கதை முடிந்தது. ஆனால் தணிக்கைக்கு வெளியே செல்பவர்களுக்குத் தம்ப் டிரைவ் தேவை; அவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே, தம்ப் டிரைவ் போன்றவற்றில் உள்ள கோப்புகளை யார் தொட்டாலும் பதிவு செய்யும் 'ஆடிட் ரிமூவபிள் ஸ்டோரேஜ்' அமைப்பை இயக்கினேன். இப்போது செக்யூரிட்டி பதிவேட்டில் 4663 எண் நிகழ்வுகள் மழையாகக் கொட்டுகின்றன. பயனர், கோப்பு, நிரல் எல்லாம் தெரிகின்றன. ஒரு கோப்பைத் தொட்டாலே பல வரிகள். எழுதியவற்றை மட்டும் வடிகட்டினாலும், பெயரை மாற்றி நகலெடுத்தால் மூலக் கோப்பு எது என்று அதில் தெரிவதில்லை. இதற்கு என்ன செய்கிறீர்கள்?

28 கணினிகளின் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்க்க விண்டோஸ் ஈவன்ட் ஃபார்வர்டிங் போதுமா, தனி மென்பொருள் வாங்க வேண்டுமா? முதலாளி செலவு என்றாலே முகம் சுளிப்பவர்.

இன்னொன்று. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து, கண்காணிப்பு பற்றி ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க விரும்புகிறேன். ஒளிந்திருந்து பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அத்தகைய அறிவிப்பை எழுதியவர்கள் மாதிரி ஒன்று தந்தால் பேருதவி.