மறு: ஆன்டிஆக்சிடன்டுக்குத் தமிழ் – 'ஆக்சித் தணிப்பான்' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

கடல் மருந்துகள் பற்றிய நம் துண்டறிக்கையில் ஆன்டிஆக்சிடன்டுக்குப் போட்டிருக்கும் 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' பாடநூலில் இருக்கும் சொல், இலக்கணமும் சரி. ஆனால் பாலக்கோட்டில் துண்டறிக்கையை வாசித்துக் காட்டியபோது ஓர் அம்மா கேட்டார்: "ஆக்சிஜனத் தடுத்துட்டா மூச்சு எப்படிங்க விடறது?" கொரோனாவில் சிலிண்டருக்கு அலைந்தவர்களிடம் இந்தச் சொல் எடுபடாது. ஃப்ரீ ராடிக்கலுக்கு அடுத்த வரியில் போட்டிருக்கும் 'தனி உறுப்பு' இன்னும் மோசம். வேதியியல் படிக்காதவருக்கு அது கல்லீரலோ நுரையீரலோதான்.

ஆன்டிஆக்சிடன்ட் செய்வதைப் பாருங்கள். எலக்ட்ரான் குறைந்து, கண்டதையும் பிடித்து இழுக்கும் மூலக்கூறுக்கு (அதுதான் ஃப்ரீ ராடிக்கல்)த் தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுத்து அடங்க வைக்கிறது. அதனால்தான் 'ஆக்சித் தணிப்பான்' என்கிறேன்.

ஓசூர் ஐயா, 'தடுப்பான்' என்றால்தான் மருந்துபோல வலுவாக ஒலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பயமே அந்த வலுதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் சுமார் 18% கூடியிருந்தது. ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் கட்டக்கோரை என்கிற பழுப்புக் கடற்பாசியில் உள்ள ஃபியூக்கோசாந்தினும், பீட்டா கரோட்டினைப் போலவே கரோட்டினாய்டு என்ற நிறமி வகைதான். நம்மூர்த் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோப்பீனும் அதே குடும்பம். ஃபியூக்கோசாந்தின் புற்றுநோய்க்கு எதிராக ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் நம்பிக்கை தருகிறது, சரி. அதற்காக கீமோ சிகிச்சையை விட்டுவிட்டு யாரும் பாசிப்பொடி வாங்கப் போய்விடக் கூடாது.

தலைப்பையும் மாற்ற வேண்டும். 'கடல்சார் ஆக்சிஜனேற்றத் தடுப்பு மருந்துகள்' என்று போட்டுவிட்டு உள்ளே சைட்டராபினைச் சேர்த்திருக்கிறோம். கடற்பஞ்சு என்ற கடல் உயிரினத்தில் கிடைத்த பொருளைப் பார்த்து உருவான அந்த ரத்தப் புற்றுநோய் மருந்து, செல்லுக்குள் டி.என்.ஏ. உருவாவதை முடக்குகிறது. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்ற எரிபுலின் என்ற புற்றுநோய் மருந்துக்கும் மூலம் கடற்பஞ்சுதான், அது செல் இரண்டாகப் பிரிவதைக் குலைக்கிறது. தணிக்கிற வேலை இரண்டுக்குமே இல்லை. இவற்றை 'கடல்வழி மருந்துகள்' என்று தனிப் பத்தியாகப் பிரித்துவிடலாம்.

ஞாயிறுவரை மறுப்பு வராவிட்டால் தருமபுரி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன். அப்புறம், 'தணிப்பான்', 'தணிப்பி' இரண்டில் எது என்பதையும் சொல்லிவிடுங்கள். எனக்கு இரண்டும் சம்மதமே.