மேல்வீட்டில் தீ, நம் வீட்டில் தண்ணீர்: உங்கள் காப்புறுதி அனுபவம் என்ன?

யீஷூன் அக்கா:
தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேல்வீட்டில் தீ. மின்ஸ்கூட்டர் பேட்டரியை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அந்த மட்டும் புண்ணியம். தீயை அணைக்க அடித்த தண்ணீர் ஜன்னல் விளிம்பு, குழாய் இடுக்கு வழியாக எங்கள் அறைக்குள் இறங்கியது. காலையில் அலமாரியைத் திறந்தால் என் கூறைப்புடவையில் கோடு கோடாகக் கரித்தண்ணீர். மூன்று தடவை டிரை கிளீனிங் கொடுத்தும் போகவில்லை.

“நமக்குத்தான் வீவக தீக்காப்புறுதி இருக்கே” என்றார் வீட்டுக்காரர். வீவக என்றால் இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தரும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாளை எடுத்துப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது கட்டடத்துக்கும் வீவக முதலில் போட்டுக் கொடுத்தவற்றுக்கும் மட்டும். நாம் செய்த ரெனொவேஷன், சோபா, ஃபிரிட்ஜ், புடவை எதுவும் சேராது. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே சில வெள்ளிதான் (டாலர்) கட்டுகிறோம், அதில் சோபாவும் வருமா! வீவக கடன் இருப்பவர்களுக்குக் கட்டாயம் என்பதால் எடுத்தோம். படித்தது யார்? வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக எடுக்க வேண்டுமாம்.

மேல்வீட்டு மாமாவிடம் பணம் கேட்க வாய் வரவில்லை. அவருக்கே கருகிய சுவர்தான் மிச்சம்.

உட்லண்ட்ஸ் பெரியவர்:
எனக்குச் சர்க்கரை, கூடவே இதயத்தில் ஒரு ஸ்டென்ட். அந்தக் காலத்தில் ஏஜண்டுகள் என் மருத்துவத் தாளைப் பார்த்ததும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்கள். 2015 நவம்பர் 1இல் மெடிஷீல்ட் லைஃப் என்ற அரசின் மருத்துவக் காப்புறுதி வந்த பிறகுதான் நிம்மதி. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் ஆயுள் முழுக்க உண்டு, பழைய நோய் இருந்தாலும் தள்ள மாட்டார்கள். கடுமையான நோய் முன்பே இருந்தால் முதல் பத்தாண்டுக்குச் சந்தா 30 விழுக்காடு கூடுதல். கட்டினேன், முடிந்தது.

என் மகனுக்கு 31 வயது, தினமும் ஜிம். “மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து வருஷா வருஷம் பிடிக்கிறாங்க, நான் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில படுக்கலையே” என்று முணுமுணுத்தான். உன்னைப் போல லட்சம் பேர் படுக்காமல் கட்டுவதால்தான் என் பில் குறைந்தது என்றேன். “அப்ப எனக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க” என்கிறான்!

ஒன்று கவனியுங்கள். அது அரசு மருத்துவமனையில் மானியம் உள்ள பி2, சி வார்டு வகுப்பை வைத்து அமைத்த திட்டம். நான் ஆசைப்பட்டு மானியம் இல்லாத ஏ வகுப்பு கேட்டேன், பில் வந்த அன்று புத்தி வந்தது.

புதுக்கோட்டைக்காரன்:
அக்கா, நான் ஷிப்யார்டுல வேலை பாக்குறேன். போன வருஷம் சாரத்துலேருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. வண்டியில போகும்போதே சூப்பர்வைசர், “டாக்டர்கிட்ட ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, கம்பெனி பாத்துக்கும்”ன்னாரு. கூட வந்த அண்ணன் காதுக்குள்ள, “வாய மாத்தாதடா”ன்னு மட்டும் சொன்னாரு. நான் உள்ளதச் சொன்னேன்.

உடல் உழைப்பு வேலைன்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் முதலாளி வேலைக்காயக் காப்புறுதி எடுத்தே ஆகணும். தப்பு யார் மேலன்னு நாம நிரூபிக்க வேண்டியதில்ல, வேலையில அடிபட்டதுன்னு தெரிஞ்சாப் போதும். ஆஸ்பத்திரி லீவுக்கு 60 நாள் வரைக்கும், வெளிநோயாளி லீவுக்கு 14 நாள் வரைக்கும் முழுச் சம்பளம், அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு. ரூம்ல விழுந்தேன்னு சொல்லியிருந்தா இதுல ஒரு காசு வந்திருக்காது. ஊர்ல தங்கச்சி கல்யாணக் கடன் வேற ஓடிக்கிட்டிருந்துச்சு.

காய்ச்சல், குடல்வால் மாதிரி நோய்க்கு வேற காப்புறுதி. எங்கள மாதிரி வெளிநாட்டு ஊழியருக்கு அதுவும் முதலாளிதான் எடுக்கணும். காப்புத்தொகை முன்னாடி வருஷத்துக்குக் குறைஞ்சது 15,000 வெள்ளி, 2023 ஜூலையிலேருந்து 60,000.

பேர் வேண்டாம்:
எல்லாரும் நல்லதே சொல்கிறீர்கள். என்னிடம் கோப்பிக்கடையில் ஒருவர் “சேமிப்பு மாதிரிதான் அக்கா” என்று ஓர் ஆயுள் காப்புறுதிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்ட பணத்தை 20 வருடம் தொடக்கூடாதாம்! பாலிசி கைக்கு வந்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்பது தெரிந்திருந்ததால் தப்பித்தேன்.

யீஷூன் அக்கா:
தம்பி, கை இப்போது பரவாயில்லையா?

நான் வீட்டுச் சாமான் காப்புறுதிக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். துணிமணிகளின் மதிப்பு என்ற இடத்தில் என்ன போடலாம் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.