ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு பிரீகாபாலின் கேட்குமா?

குடவாசல் மகன்: அம்மாவுக்கு உடம்பு பூரா வலி, ராத்திரி தூக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியா இருக்கு. காரணம் தெரியாத நாள்பட்ட உடம்பு வலி, ஃபைப்ரோமயால்ஜியான்னு சொல்லி டாக்டர் பிரீகாபாலின்ங்கிற நரம்பு வலி மாத்திரை 75 மில்லிகிராம் எழுதியிருக்கார். கொடுக்கலாமா?

மன்னார்குடி மருந்தாளுநர்: கணக்கைப் பாருங்க தம்பி. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்பு 2016-ல் தொகுத்த ஆய்வுகளில், இந்த மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 22, 24 பேருக்குத்தான் வலி பாதியாச்சு. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெத்து மாத்திரை கொடுத்தவங்களிலேயே 100-க்கு 14 பேருக்கு அதே அளவு குறைஞ்சிருக்கு. அதுவும் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் கொடுத்து. ஐரோப்பாவில் இந்த நோய்க்கு அனுமதியே தரலை. 2021-ல், சிகிச்சை வழிகாட்டுதல் தர்ற பிரிட்டனோட நைஸ் அமைப்பு, இந்த மாதிரி வலிக்கு இதை ஆரம்பிக்கவே வேண்டாம்னு சொல்லிடுச்சு.

பாபநாசத்துக்காரி: அமெரிக்காவில் 2007-லேயே அனுமதிச்சாங்களே, அதை ஏன் விட்டீங்க? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா கேட்கிற மருந்து இல்லை இது. சிலருக்கு நல்லாக் கேட்கும், பலருக்கு ஒண்ணுமே இருக்காது. கேட்டவங்களுக்குத் தூக்கமும் சரியாச்சுன்னு அதே காக்ரேன்தான் சொல்லுது. எனக்குக் கேட்டது. சேலைத் தலைப்பு தோளில் பட்டாலே எரியும், இப்ப இல்லை.

மன்னார்குடி மருந்தாளுநர்: சந்தோஷம்மா. ஆனா வெத்து மாத்திரையிலேயே குறைஞ்ச அந்த 14 பேர் மாதிரி நீங்களும் இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க? தலைசுத்தல் மட்டும் 100-க்கு 38 பேருக்கு வந்திருக்கு. வழுக்குற வரப்பில் நடக்கிற அம்மாவுக்கு அது சின்ன விஷயமா? ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2016-ல் உறுதியாப் பரிந்துரைச்சது உடற்பயிற்சி ஒண்ணைத்தான்.

பாபநாசத்துக்காரி: நாள் பூரா சேத்துல குனிஞ்சு நாத்து நட்டவகிட்ட உடற்பயிற்சின்னா சிரிப்பா. ராத்திரி கண்ணை மூடாதவ காலையில் எப்படி நடக்கப் போவா? எனக்கு முதல்ல தூக்கம் வந்தது, அப்புறம்தான் காவேரிக் கரையில் நடக்க முடிஞ்சது.

மன்னார்குடி மருந்தாளுநர்: நடவு வேலை வேற, உடம்பு தாங்கிற அளவுக்கு மெதுவாக் கூட்டிக்கிட்டே போற நடை வேற. அதை மாத்திரை கொடுத்துட்டு யாரும் சொல்றதே இல்லை, என் கோபம் அங்கதான். தம்பி, கொடுக்கிறதா இருந்தா வலியையும் தூக்கத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. மூணு மாசத்தில் மாற்றம் இல்லைன்னா டாக்டர்கிட்ட சொல்லிப் படிப்படியாக் குறைங்க. நீங்களா பட்டுன்னு நிறுத்தக் கூடாது.

குடவாசல் மகன்: அம்மா கடையில் வாங்கி தினம் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் போடுறாங்களே?

பாபநாசத்துக்காரி: அதை நிறுத்தச் சொல்லுங்க தம்பி. இந்த வலிக்கு அது கேட்காது, வயிறும் கிட்னியும்தான் கெடும். இதில் அண்ணனுக்கும் எனக்கும் சண்டை இல்லை.