ரோஸ்டேல் எந்தப் பாட்டில் வருகிறது?

ஆறாம்தந்தி: 1930களின் அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனுக்கு ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் செலுத்திய அஞ்சலியைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். 1968இல் கிளாப்டனின் கிரீம் என்ற ராக் குழு சான் பிரான்சிஸ்கோ மேடையில் வாசித்த ‘கிராஸ்ரோட்ஸ்’, மூலப் பாடலை வரிக்கு வரி அப்படியே பாடியதாம். படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. கிரீம் பாடும், மிசிசிப்பியின் ரோஸ்டேல் ஊருக்குப் போகிறேன் என்ற அடி ஜான்சனின் ‘கிராஸ் ரோடு ப்ளூஸ்’ பாடலில் எங்கே இருக்கிறது? 1936 நவம்பரில் சான் அன்டோனியோவில் பதிவான இரண்டு வடிவங்களிலும் இல்லை. அது 1937 ஜூனில் டல்லஸில் பதிவான ‘டிராவலிங் ரிவர்சைடு ப்ளூஸ்’ பாடலின் அடி.

மாடிவீட்டுமணி: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ஓர் அடிக்கு இவ்வளவு கூச்சலா? 2004இல் ஜான்சன் பாடல்கள் 14ஐ மட்டும் வைத்து முழுத் தொகுப்பே வெளியிட்டவர் கிளாப்டன். அவர் பாடியிராவிட்டால் உங்களுக்கு ஜான்சனைத் தெரிந்தே இருக்காது.

ஆறாம்தந்தி: எனக்கு யாரால் தெரிந்தது என்பது கேள்வி இல்லை. ரோஸ்டேல் எங்கே?

பருத்திக்காடு: இருவரும் வேண்டியதை விட்டுவிட்டீர்கள். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஜான்சனின் ‘லவ் இன் வெய்ன்’ பாடலை வெளியிட்டபோது இசைத்தட்டில் ஜான்சன் பெயரே இல்லை. அதைப் பேசுங்கள்.

மாடிவீட்டுமணி: சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை கற்றவரின் பாட்டை உலகெங்கும் கொண்டுபோனார்களே, அது போதாதா?

ஆறாம்தந்தி: இந்தச் சாத்தான் கதையையும் விட மாட்டீர்களா? பாட்டில் அவர் நாற்சந்தியில் மண்டியிட்டு ஆண்டவனிடம்தான் இரக்கம் கேட்கிறார். பொழுது சாய்கிறது, எந்த வண்டியும் நிற்கவில்லை. அந்தக் கால மிசிசிப்பியில் ஒரு கறுப்பினத்தவர் இருட்டில் தெருவில் தனியாக நிற்பது உயிருக்கே ஆபத்து. குரல் அடங்கும் இடத்தில் தந்தியின் மேல் வழுக்கும் ஒலி வந்து மீதியைச் சொல்லும். கேட்கும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. கிரீம் குழு பொழுது சாயும் அடியை எடுத்துவிட்டு, பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோஸ்டேல் போகும் உல்லாசப் பயணத்தைச் செருகியது. அதுவும் இரண்டு முறை. அச்சம் இருந்த இடத்தில் கொண்டாட்டம்!

மாடிவீட்டுமணி: அந்த அடியும் ஜான்சன் எழுதியதுதானே? அவர் சொத்தைத்தானே அவருக்குச் சூட்டினார்கள்? போன மாதம் தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு நுனியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

ஆறாம்தந்தி: அந்த விவாதத்திலும் நான் சொன்னதே சரி. வரிக்கு வரி என்று எழுதியது நீங்கள்.

பருத்திக்காடு: ஸ்டோன்ஸ் விஷயத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மாடிவீட்டுமணி: ‘கிராஸ்ரோட்ஸ்’ பாட்டில் கிளாப்டனின் அந்தக் கிட்டார் தனி வாசிப்பில் நான்கு சுரம் வாசித்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள். இனி இங்கே எழுதமாட்டேன்.

ஆறாம்தந்தி: எழுத வேண்டாம். சான் அன்டோனியோ பதிவில் ரோஸ்டேல் எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாடிவீட்டுமணி: ஜான்சன் எழுதிய அடி. அவ்வளவுதான்.