புதுப்பிப்பு: மகனுக்கு அதிமதுரம் தரலாமா என்று கேட்டிருந்தேனே

நெஃப்ராடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் அதிகமாக வெளியேறும் சிறுநீரக நோய்) உள்ள என் 6 வயது மகனுக்கு, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோடு இருமலுக்கு அதிமதுரப் பொடியும் தரலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அப்போது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மா ஏற்கெனவே 10 நாளாகத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லவே பயம். அப்புறம் பொடி டப்பாவையே எடுத்துக்கொண்டு போனேன். அவர் திட்டவில்லை. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும்; ஸ்டீராய்டும் இதையே செய்யக்கூடியது, இரண்டும் சேரக் கூடாது என்று விளக்கினார். அன்று அழுத்தம் கூடுதலாகத்தான் இருந்தது. பொடியை நிறுத்தியபின் இறங்கிவிட்டது. ஸ்டீராய்டு மட்டுமே ஏற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்றார். மாத்திரையை மட்டும் நாமாகத் திடீரென நிறுத்தவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அம்மா ரொம்ப நொந்துபோனார். அவர் மேல் தப்பில்லை, என்னையும் இதே பொடி கொடுத்துத்தான் வளர்த்தார். தினமும் சிறுநீரில் போகும் ஆல்புமின் (புரதம்) அளவைக் குறிக்கும் நோட்டில், இப்போது கைவைத்தியம் எது கொடுப்பதாக இருந்தாலும் முதலில் எழுதி வைக்கிறார். டாக்டர் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு.