பிளாக்கிங் பெப்டைட் (ஆன்டிபாடி பிடிக்கற இடத்தை அடைக்கற சின்னப் புரதத்துண்டு) போட்டதும் எந்த பேண்ட் (புரதக் கோடு) காணாம போச்சு? உங்க மெக்பி2 (நியூக்ளியஸ்ல இருக்கற ஒரு புரதம்) அனுபவம் சொல்லுங்க

கயல்_பெஞ்ச்:
எலி மூளை நியூக்ளியர் எக்ஸ்ட்ராக்ட் (நியூக்ளியஸ்ல இருந்து பிரிச்செடுத்த புரதம்), மெக்பி2 வெஸ்டர்ன் (புரதங்களை ஜெல்ல எடைப்படி பிரிச்சு, மெம்பரேனுக்கு மாத்தி, ஆன்டிபாடியால தேடறது). 75 கிலோடால்டன் (புரத எடை அளவு) கிட்ட ஒரு பேண்ட், 50 கிட்ட ஒண்ணு. 500-க்குக் கொஞ்சம் கம்மியா அமினோ அமிலம், கணக்குப்படி 52 கிலோடால்டன்தானே வரணும், அப்ப கீழ இருக்கறதுதான் நம்ம புரதம்னு நம்பி ரெண்டு மாசம் அதையே அளந்துட்டு இருந்தேன். சீனியர் அக்காதான் "பெப்டைட் வெச்சுப் பாத்தியா?"ன்னு கேட்டாங்க. மெம்பரேனை ரெண்டா வெட்டி, ஒரு துண்டுக்கு வெறும் ஆன்டிபாடி, இன்னொண்ணுக்கு பெப்டைட்டோட ஊறின ஆன்டிபாடி. டார்க் ரூம்ல சிவப்பு லைட்டுக்குக் கீழ ஃபிலிமை டெவலப்பர்ல ஆட்டிட்டு நிக்கறேன், இடது பக்கம் ரெண்டு கோடும் ஏறி வருது, வலது பக்கம் 50 மட்டும் கறுத்துக்கிட்டே போகுது, 75 இருந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. அப்படியே நின்னுட்டேன். இந்தப் புரதம் ஜெல்ல 75 கிட்டதான் ஓடும்னு அப்புறமாத்தான் படிச்சேன்.

மூன்றாம்தளம்:
கயல், உங்களுக்கு அது சரியா அமைஞ்சிடுச்சு, ஆனா பெப்டைட்ட மட்டும் நம்பாதீங்க. எனக்கு ரெண்டு பேண்டுமே மறைஞ்சுது, உடனே ரெண்டும் மெக்பி2தான்னு லேப் மீட்டிங்ல சொல்லிட்டேன். அப்புறம் நாக்அவுட் (மெக்பி2 ஜீனையே எடுத்துட்ட) ஆண் எலி மூளை கிடைச்சுது (ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆணுக்கு வேற காப்பி கிடையாது), அதுல 75 சுத்தமா இல்ல, கீழ்க்கோடு ஜம்முனு உக்காந்திருக்கு. பெப்டைட் என்ன பண்ணுது, ஆன்டிபாடியோட கையை அடைச்சிடுது, அவ்வளவுதான். அந்தக் கை தப்பான புரதத்தைப் பிடிச்சிருந்தாலும் அதுவும் சேர்ந்துதான் மறையும். பேண்ட் மறையலன்னா அது நம்ம புரதம் இல்லன்னு ஓரளவு தைரியமா சொல்லலாம், மறைஞ்சா மட்டும் போதாது.

பழைய_பைப்பெட்:
என் கதை சின்னது. ஆன்டிபாடி புரதத்தோட ஒரு நுனியான C முனைக்கு, ஃப்ரீசர்ல இருந்து நான் எடுத்த பெப்டைட் எதிர் நுனியான N முனைக்கு. எதுவுமே மறையல, ஒரு வாரம் பெப்டைட் கெட்டுப்போச்சுன்னு திட்டிட்டு இருந்தேன்.
புதுசா பண்றவங்களுக்கு: எந்தத் துண்டைக் காட்டி அந்த ஆன்டிபாடி உண்டாக்கினாங்களோ அதே துண்டுதான் வேணும், முதல்ல ட்யூப் லேபிளைப் பாருங்க. முழுப் புரதத்தை வெச்சு உண்டாக்கின ஆன்டிபாடின்னா ஒரு சின்ன பெப்டைட் முழுசா அடைக்காது. 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடிக்கு எடைப்படி 5 மடங்கு பெப்டைட், ரூம் டெம்பரேச்சர்ல அரை மணி, முடிஞ்சா 4 டிகிரில ராத்திரி பூரா. பக்கத்து ட்யூப்ல பெப்டைட் இல்லாம அதே ஆன்டிபாடி அதே அளவு, அதே நேரம். இன்னொண்ணுல சம்பந்தமே இல்லாத பெப்டைட் போட்டா இன்னும் நல்லது. ரெண்டு துண்டுக்கும் ஒரே எக்ஸ்போஷர் குடுங்க, இல்லன்னா மறைஞ்சுதா மங்குச்சான்னே தெரியாது. பெப்டைட்ட சின்னச் சின்னதா பிரிச்சு மைனஸ் 20-ல வைங்க, உருக்கி உருக்கி உறைய வைக்காதீங்க. பால்ல மெம்பரேனை பிளாக் பண்றோமே, அது வேற வேலை, பேர் ஒண்ணா இருக்கேன்னு குழப்பிக்காதீங்க.

நிலா_ஸ்லைடு:
@மூன்றாம்தளம் நீங்க சொல்றது சரிதான், ஆனா எல்லா லேப்லயும் நாக்அவுட் எங்க இருக்கு? நான் பாத்தது ஸ்லைடுல, ஆன்டிபாடி ஒட்டின இடம் மைக்ராஸ்கோப்ல பச்சையா ஒளிரும். எலி செல்லுல மெக்பி2 நியூக்ளியஸ் உள்ள பளிச்சுனு புள்ளி புள்ளியா நிக்கும். பெப்டைட் போட்டப்ப புள்ளி எல்லாம் அணைஞ்சுது, வெளியில மங்கலா இருந்த பச்சை மட்டும் அப்படியே இருந்துச்சு, அது வெறும் அழுக்குன்னு புரிஞ்சுது. ஆனா இன்னிக்கும் கண்ணுல நிக்கறது வேற. மெக்பி2 ஜீன்ல ஒரு காப்பி மட்டும் போன பெண் எலியோட மூளைத் துண்டு. ஒரு செல்லுல புள்ளி இருக்கு, அதை ஒட்டி இருக்கற செல்லு இருட்டு, அடுத்தது மறுபடி பளிச்சு. பெண்ணோட ஒவ்வொரு செல்லும் ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணை அணைச்சிடுதுல்ல, அதனால. ரெட் சிண்ட்ரோம் (மெக்பி2 ஜீன் பழுதால வர்ற மூளை வளர்ச்சி நோய்) இருக்கற பெரும்பாலான பொண்ணுங்க மூளையும் இப்படித்தானே கலந்து இருக்கும்னு தோணுச்சு, கொஞ்ச நேரம் ஐபீஸ்ல இருந்து கண்ணை எடுக்கவே முடியல.

கயல்_பெஞ்ச்:
நிலா, அந்த மாதிரி பெண் எலியோட உறைய வெச்ச மூளை பிளாக் எங்க ஃப்ரீசர்ல ஒண்ணு இருக்கு. நாளைக்கே வெட்டறேன்.