மறு: ஓவர்டாப்பிங் – ‘மேல்வழிவு’ சரியா?

வணக்கம்.

தீவுக் கடற்சுவர்க் கையேட்டின் வரைவில் ‘ஓவர்டாப்பிங்’, அதாவது அலை சுவரின் முகட்டைக் கடந்து உள்ளே விழுவது, வரும் இடமெல்லாம் ‘மேல்வழிவு’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஏரி நிறைந்தால் கலிங்கில் வழியும். அங்கே நீர்மட்டமே முகட்டைத் தொட்டுவிடுகிறது. கடற்சுவரில் நடப்பது வேறு. கடல்மட்டம் முகட்டுக்கு ஒரு மீட்டர் கீழேயே நிற்கும். அலை மட்டும் சரிவில் ஏறி உள்ளே வந்து விழும். 1987 ஏப்ரலில் மாலத்தீவுத் தலைநகர் மாலேக்குள் கடல் புகுந்ததற்குக் காரணம் உள்ளூர்ப் புயல் அல்ல, தெற்கே வெகுதொலைவில் கிளம்பி வந்த நீளலைகள். குமரிக் கரையில் கள்ளக்கடல் என்கிறோமே, அந்த வகை. ஜப்பான் உதவியோடு டெட்ராபாட் எனும் நான்குகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கிய தடுப்புகள் எழுந்தது அதன் பிறகுதான்.

பெயர் தவறினால் கணக்கும் தவறும். வழிவு என்று படிக்கும் பொறியாளர் கடல்மட்டத்தை மட்டும் பார்த்து, “முகடு போதும்” என்று முடித்துவிடுவார். ஓவர்டாப்பிங்கின் அளவு, ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு நொடிக்கு இத்தனை லிட்டர் என்பது. 1 லிட்டர் அற்பமாகத் தெரியும். 100 மீட்டர் சுவர், ஓதம் உச்சத்தில் நிற்கும் 3 மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்: 1,080 கன மீட்டர். பின்னால் ஒரு ஹெக்டேர் தாழ்நிலம் அடைபட்டுக் கிடந்தால் 11 சென்டிமீட்டர் உப்புநீர். வெளியே ஓதம் இறங்கும்வரை வடிகாலின் மடல்கதவு (நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு) திறக்காது. அதற்குள் நீர் பவள மணலில் இறங்கி நிலத்தடி நன்னீர்ப் படலத்தைக் கெடுத்துவிடும். ஜெனரேட்டர் மேடையின் உயரத்தை இந்த 11 சென்டிமீட்டரையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் பரிந்துரை: அலைதாவல்.

—

> என் பரிந்துரை: அலைதாவல்.

ஐயா, ‘மேல்வழிவு’ போகட்டும், முழு உடன்பாடு. ‘தாவல்’ மட்டும் இடிக்கிறது. செங்குத்துச் சுவரில் மோதிய அலை மேலே பீறிட்டு உள்ளே விழும், அது தாவல்தான். கற்சரிவில் அப்படி இல்லை. நீர் ஏறி, முகட்டில் தகடாகப் படர்ந்து கடக்கிறது. இரண்டுக்கும் பொருந்துவது ‘தாண்டல்’. ஆகவே அலைதாண்டல். ‘அலைபாய்தல்’ போல இங்கும் அலை எழுவாய், வல்லினம் மிகாது.

இன்னொன்று. நொடிக்கு இத்தனை லிட்டர் என்பது சராசரி. பத்தில் ஒன்பது அலை தாண்டாமல், ஒரே அலை மீட்டருக்கு சில நூறு லிட்டரைக் கொட்டினாலும் சராசரி சிறிதாகவே இருக்கும். ஆளை அடித்துச் செல்வதும், சுவரின் பின்னடி மண்ணை அரிப்பதும் அந்த ஒற்றை அலை. பின்புறம் தளம் போடாத சுவர்கள் நிலத்துப் பக்கத்திலிருந்தே சரிவது இதனால்தான். எனவே இரண்டு சொல் வேண்டும்: சராசரிக்குத் ‘தாண்டல் வீதம்’, மற்றதற்கு ‘ஒற்றையலைத் தாண்டல்’.

—

அம்மா, ‘தாண்டல்’ ஏற்பு. அலையைப் படகு தாண்டுவதாகவும் படிக்கலாமே என்ற ஐயம் வரலாம். பக்கத்தில் ‘வீதம்’ வந்ததும் அது தீர்ந்துவிடும்.

முகட்டுக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரத்தை ‘மேலிடைவெளி’ என்றே வைப்போம். பவளத்தீவில் இதற்கு இரட்டை அடி. பவளத்திட்டின் மேல் நீராழம் 1 மீட்டர் என்றால் கரையை எட்டும் அலை ஏறத்தாழ அதில் பாதி. கடல் அரை மீட்டர் உயர்ந்தால் மேலிடைவெளி அரை மீட்டர் குறையும், அலையும் 0.5-லிருந்து 0.75 மீட்டராகும். தாண்டல் வீதம் பல மடங்காகும். சுவரின் உயரத்தைக் கடல் உயர்ந்த அளவுக்கு மட்டும் கூட்டினால் போதாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

சரிவின் சொரசொரப்பைக் கணக்கில் சேர்க்கும் ‘கரட்டுக் காரணி’யும் தேவை. அலைதாண்டலைக் கணிக்க உதவும் ஐரோப்பியக் கையேடான யூரோடாப்பில் வழுவழுப்பான சரிவுக்கு 1, நீர் புகும் உட்பகுதி மேல் அடுக்கிய இரண்டடுக்குக் கல்லுக்கு 0.40, டெட்ராபாடுக்கு 0.38, எண் குறையக் குறையத் தாண்டலும் குறையும். இடுக்குகளில் கான்கிரீட் ஊற்றி அடைத்தால் இந்த நன்மை போய்விடும். ‘பலப்படுத்துகிறோம்’ என்று பழுதுபார்ப்பில் செய்யும் பெரிய தவறு அது.

சுவரே இல்லாத மணல்மேட்டை அலை கடந்து, மணலையும் உள்ளே இழுத்துப் போடுகிறதே, ஓவர்வாஷ், அதற்குக் ‘கரையலம்பல்’ சரிவருமா? மணல் நகர்வது அதில் தொனிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. மீனவர் வழக்கில் சொல் இருந்தால் யாராவது தெரிவியுங்கள்.